வெளிறின பச்சை

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாளும் வெங்கடேசனின் ஆட்டோ காலையில் வாசலுக்கு வரும்போது, ஜெரோம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு நிற்பார். ஆஸ்பத்திரிக்குத்தானே, லுங்கியோடு போனால் என்ன என்று நினைக்கிற மனிதர் இல்லை அவர். செங்கல்பட்டு ஜங்ஷனில் தண்டவாளத்தை வழி மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் இரும்புத் தூசியும் கிரீஸும் ஒட்டாத நாள் கிடையாது. அதற்காகவே வெளியே கிளம்பினால் வெள்ளை உடுத்தப் பழகிக்கொண்டார்.

மனைவி மார்கரெட்டுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷினில் படுக்கவைத்து எழுப்பிக்கொண்டு வருவதற்குள் பகல் தீர்ந்துவிடும். ஆட்டோவில் ஏறுவதற்கும் ஒரு முறை இருந்தது. மார்கரெட் பின்சீட்டில் சாய்ந்துகொள்வாள். மகள் ஜெனிட்டா ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து தாயின் தலையைத் தோளில் வாங்கிக்கொள்வாள். ஜெரோம் முன்னால், டிரைவர் சீட்டின் பாதியில், ஒரு காலை வெளியே வைத்தபடி. மேடு பள்ளம் வந்தால் திரும்பிப் பார்க்க மாட்டார். "மெதுவாப் போப்பா" என்று மட்டும் சொல்வார்.

பெண்கள் படுத்திருக்கிற அறையில் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும். அதனால் உள்ளே ஜெனிட்டா, வெளியே தாழ்வாரத்து இரும்பு பெஞ்சில் ஜெரோம். அவர் முதுகு பெஞ்சின் சாய்மானத்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. ஸ்டேஷன் பக்கமிருந்து வண்டி ஊதும் சத்தம் வந்தால், இன்ன வண்டி, இத்தனாவது பிளாட்பாரம் என்று உதடு தானாக முணுமுணுக்கும். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் மகளின் காலேஜ் பக்கத்தைத் திறப்பார்.

ஜெனிட்டா பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கிப் போகிற ஒரு காலேஜில் பி.டெக். கடைசி வருஷம் படித்தாள். பிள்ளைகளின் படிப்பு எந்த மட்டில் இருக்கிறது என்று பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள அந்தக் காலேஜில் ஓர் ஏற்பாடு உண்டு. பட்டம் வாங்க எதையெல்லாம் படிக்க வேண்டும், எது முடிந்தது, எது நடக்கிறது, எது பாக்கி என்று போனிலேயே தெரியும். மேலே நீளமாக ஒரு கோடு. முதல் வருஷம் நகக்கண் அளவுக்குப் பச்சை இருந்தது. செமஸ்டருக்குச் செமஸ்டர் அது நகர்ந்துகொண்டு வந்தது. கடைசி செமஸ்டருக்குப் பாடங்களைப் பதிந்த மறுநாள் ஜெரோம் திறந்து பார்த்தால், கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பச்சையாக நின்றது. பக்கத்தில் நூறு சதவீதம் என்று போட்டிருந்தது.

அவருக்குக் கேபினில் இருந்த பேனல் போர்டு நினைவுக்கு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் பொத்தானை அமுக்கி வழி போட்டால், சிக்னலில் இருந்து பிளாட்பாரம்வரை கோடாக வெளிச்சம் எரியும். கோடு முழுசாக எரிந்துவிட்டால் வழி பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். வண்டி வந்து சேர வேண்டியதுதான் மிச்சம்.

"இன்னா சார், போனையே மொறைச்சிகினு கீறீங்க?" என்றபடி வெங்கடேசன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சவாரி இல்லாத நேரத்தில் அவனும் தாழ்வாரத்துக்கு வந்துவிடுவான். "பேட்டரி ஃபுல்லா கீதே. அதப் போயி இன்னாத்துக்குப் பாத்துகினு?"

"பேட்டரி இல்லடா. பாப்பாவோட பி.டெக். இது. முழுசா வந்துடுச்சி பாரு."

"அட்ரா சக்க! நம்ம பாப்பா இஞ்சினீரா? அப்ப பிரியாணி எப்ப சார்?"

"மொதல்ல போயி வாய் கழுவிக்கினு வா. பான்பராக்கு நாத்தம் தாங்கல."

"பிரியாணின்னு சொன்னா நான் ஆட்டோவையே கழுவிக்கினு வருவேன் சார்."

அந்தச் சமயத்தில் ஜெனிட்டா வெளியே வந்தாள். கையில் சுருட்டிய ஈரத்துணி. மெஷினில் இருக்கும்போது மார்கரெட்டுக்கு வாந்தி வருவது வழக்கம். துணியைக் குழாயில் அலசிக்கொண்டே பேச்சைக் கேட்டவள், அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நைனா, முடிஞ்சிதுன்னு யாருகிட்டயும் சொல்லாத. இங்க பாரு, இதுவரைக்கும் கரும்பச்ச. அது நான் பாஸ் பண்ணது. இந்தக் கடைசில வெளிறின பச்ச கீது பாரு? அது இப்ப படிச்சிகினு இருக்கறது. பதிஞ்சாலே அது சேத்துக் காட்டும். பாஸ் ஆனாத்தான் கரும்பச்ச ஆவும்."

"பச்சைன்னா பச்சதான். முப்பது வருசம் சிக்னல் பாத்தவன் நான். வெளிறின பச்சைன்னு ஒண்ணு ரயில்வேல கெடையாது."

"இது ரயில்வே இல்ல நைனா. எனக்கு அட்டெண்டன்ஸ் வேற கொறைஞ்சிகினே போவுது. செவ்வா, வியாழன்லதான் லேப்பு, புராஜெக்ட்டு எல்லாம் போட்டுகீறாங்க. முக்கால்வாசி நாளாச்சும் போயிருக்கணும். இல்லன்னா பரிட்சையே எழுத வுடமாட்டாங்க."

"இன்னான்ற? அம்மாவ வுட்டுட்டுப் போறன்றியா?"

ஜெனிட்டா துணியைப் பிழிந்தாள். பிழிந்து தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நான் அப்பிடிச் சொல்லல" என்றுவிட்டு உள்ளே போனாள்.

*

அந்த வாரமே ஜாக்குலின் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஜெரோமின் ஒரே தங்கை. மாமல்லபுரத்துக் கடலோரத்தில் ஒரு பெரிய சொகுசு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. அண்ணன் அவளோடு பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

இதில் ஜெரோமைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அவருடைய அப்பா கருப்பன் பாலாற்றங்கரையில் பிறத்தியார் நிலத்தில் உழைத்தவர். நடவு, அறுப்பு மட்டும் அல்ல. ஊரில் மாடு செத்தால் வந்து தூக்கச் சொல்வார்கள், தூர்ந்த சாக்கடையை அள்ளச் சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்த ஜெரோம் ரயில்வேயில் சேர்ந்த அன்று, இனி நம் வீட்டில் யாரும் பிறத்தியார் அழுக்கைத் தொடுவதில்லை என்று அப்பாவுக்கு முன்னால் வாக்குக் கொடுத்தார். கிழவர் அதைக் கேட்டு அழுதார் என்பார்கள். புருஷன் விட்டுப்போன பிறகு ஜாக்குலின் அந்த வேலைக்குப் போனபோது, "வேலைய வுடு, இல்ல என் வூட்டுப் படிய ஏறாத" என்று ஜெரோம் சொன்னார். அவள் வேலையை விடவில்லை. படியையும் ஏறவில்லை.

ஆஸ்பத்திரிப் படி யாருடையதும் இல்லை. தூக்குச்சட்டியோடு தாழ்வாரத்தில் வந்து நின்றாள்.

"அண்ணிக்கு உப்பில்லாத கஞ்சி. பூண்டு தட்டிப் போட்டு எடுத்தாந்துகீறேன்" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

"ஆஸ்பத்திரிலயே குடுக்கறாங்க."

"அது ஆறிப்போன கஞ்சி. அண்ணிக்கு ஆவாது."

ஜெரோம் போனைப் பார்த்தார். ஜாக்குலின் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள். இனி பேசித் தீர்ப்பது என்று முடிவு செய்தவளைப் போல இருந்தது.

"எனக்கு சாயங்காலந்தான் டூட்டி. பகல்ல சும்மாதான் கீறேன். செவ்வாயும் வியாழனும் நான் வந்து அண்ணிகூட இருக்கறேன். பொண்ணு காலேஜுக்குப் போவட்டும். எட்டிப் பாத்தேன், ஓரத்துல குந்திகினு பொஸ்தகத்தத் தொடையில வெச்சிகினு தூங்குது. அழுகையா வருது எனக்கு."

"யாரும் வர வேணாம்."

"யாரும்னா? நான் யாரோவா?"

"அந்த வேலைய வுட்டுட்டியா?"

"வுட்டுட்டா எனக்கு யாரு சோறு போடுவாங்க, நீயா?"

"போடறேன்னு அப்பவே சொன்னேன்."

"உன் சோத்தத் துன்னுட்டு உன் மொகத்தப் பாத்துகினு மூலைல குந்திகினு இருக்கணும். அதுக்கு அந்த ரூம்புங்களே தேவல. நான் தொடைக்கறேன், கூட்டறேன், மெத்தைக்குத் துணி மாத்தறேன். என்னை எவனும் ஏய்னு கூப்புட்டது இல்ல தெரியுமா? மேடம்னுதான் கூப்புடறான்."

"உள்ள மார்கரெட்டு படுத்துகினு கீறா. சத்தம் போடாத."

"நான் எங்க சத்தம் போட்டேன்? உனக்குத்தான் காதுல உன் சத்தமே கேட்டுகினு கீது."

தூக்குச்சட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஜெரோம் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜெனிட்டா வந்து எடுத்துக்கொண்டு போனாள். மார்கரெட் அன்றைக்குக் கஞ்சி முழுவதையும் குடித்தாள். வீடு திரும்பும்போது ஆட்டோவில் வாய் திறந்து ஒன்று கேட்டாள்.

"கோடு எங்கங்க வந்துகீது?"

தினமும் கேட்பாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. வீங்கிப்போன விரலால் அந்தக் கோட்டைத் தொடுவாள். தொட்டதும் பக்கம் எங்கேயோ நழுவி ஓடிவிடும். "அய்யோ, அழிஞ்சிபோச்சா?" என்று பதறுவாள். ஜெனிட்டா சிரித்துக்கொண்டே திரும்பக் கொண்டுவந்து காட்டுவாள்.

"முழுசா வந்துடுச்சிம்மா" என்றார் ஜெரோம், முன்சீட்டிலிருந்து திரும்பாமலே.

*

அவர்கள் தெருவில் படித்த பிள்ளை இருக்கிற வீட்டைக் கேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேரும் பட்டமும் பலகையில் இருக்கும். சிலர் தகரத்தில் எழுதுவார்கள், சிலர் பிளாஸ்டிக்கில். ஜெரோம் கருங்கல்லில் போட நினைத்தார். வீட்டின் முதல் பட்டதாரி. மழையில் உரிகிற பெயிண்டில் அந்தப் பெயரை எழுத அவருக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரம் போனார். மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டம் பாதி வழியில் இறங்க, அதற்குமேல் ஜன்னலில் உப்புக் காற்று அடித்தது. ஊருக்குள் நுழைகிற ரோட்டில் கல்பட்டறை. மெஷின் கல்லை அறுக்கிற சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. பட்டறைக்காரர் கோபாலகிருஷ்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, புருவத்தில் படிந்த வெள்ளைத் தூளைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா எழுதணும் சார்?"

"ஜெ. ஜெனிட்டா, பி.டெக்."

"பாஸ் ஆயிட்டாங்களா சார்? தப்பா நெனைக்காதீங்க. சில பேரு முன்னாடியே போட்டுகினு பூடுவாங்க. அப்பறம் வந்து அந்த எழுத்த மட்டும் எடுங்கன்னு நிப்பாங்க. கல்லுல எடுக்க முடியாது சார். கல்லையேதான் எடுக்கணும்."

"என் பொண்ணுதான? எனக்குத் தெரியாதா?" என்றார் ஜெரோம்.

அவர் கேட்ட தோரணையில் கோபாலகிருஷ்ணன் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில் விடுதி வேன் ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறச் சீருடையில் பெண்கள். அதில் ஒருத்தி ஜாக்குலின். யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தபடி ஏறிக்கொண்டிருந்தாள். ஜெரோம் சட்டென்று ஒரு இளநீர்க் கடைப் பக்கம் திரும்பி, வேண்டாத இளநீர் ஒன்றை வாங்கிக் குடித்தார். மார்கரெட்டுக்கு இளநீர் ஆகாது என்று டாக்டர் விலக்கியதிலிருந்து அவரும் தொடாமல் இருந்தார். அன்றைக்குத்தான் தொட்டார்.

கல் வந்தது. கொத்தனாரை வைத்துக் கேட் தூணில் பதித்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் ஏற வந்த மார்கரெட், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எழுத்துகளின் பள்ளத்தில் விரலை விட்டு ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"இது தொட்டா ஓடாது இல்ல?" என்று கேட்டாள்.

"ஓடாது" என்றார் ஜெரோம்.

ஜெனிட்டா ஆட்டோவுக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவள் அந்தக் கல்லை நிமிர்ந்து பார்த்ததாக வெங்கடேசனுக்கு நினைவில்லை.

*

சித்திரை வெயிலில் கொளவாய் ஏரித் தண்ணீர் கண்ணைக் குத்துகிற மாதிரி மின்னியது. மார்கரெட்டுக்கு அளந்துதான் தண்ணீர். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஜெனிட்டா ஒரு துண்டு ஐஸை வாயில் வைப்பாள். அப்படி ஒரு மத்தியானத்தில் ஜெரோம் கூடத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தார்.

கோடு குறைந்திருந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கோட்டின் கடைசியில் இருந்த பச்சை காணோம். அங்கே வெறும் சாம்பல் நிறம்.

"ஜெனிட்டா! இது இன்னாது, கெட்டுப்போச்சா? எறங்கிகீது."

அவள் சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"கெட்டுப்போவல நைனா. காலைலதான் லிஸ்ட் போட்டாங்க. மூணு பாடத்துல எனக்கு அட்டெண்டன்ஸ் இல்ல. பரிட்சை எழுத முடியாது. அந்த மூணையும் கணக்குல இருந்து எடுத்துட்டாங்க."

"ஏறனது எப்பிடி எறங்கும்?"

"அது ஏறவே இல்ல நைனா. பதிஞ்சது மட்டுந்தான். நான் அன்னிக்கே சொன்னேன்."

"நான் வந்து கேக்கறேன். உங்க பெரியவரு யாரு?"

"இன்னான்னு கேப்ப? என் பொண்ணு வரல, ஆனா வந்தான்னு போடுங்கன்னா?"

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அந்தப் பெண் நான்கு வருஷத்தில் ஒரு பாடத்தில்கூடத் தவறியவள் இல்லை.

"ஜூலைல திரும்பப் பதியலாம். அந்த மூணையும் மறுபடி உக்காந்து படிக்கணும். அப்பவும் செவ்வாயும் வியாழனும்தான் கிளாஸு" என்றாள்.

ஜெரோம் எழுந்தார். கொல்லையில் கிடந்த சிமென்ட் சாக்கு ஒன்றை உதறி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கேட் தூணில் கல்லின்மேல் அதைப் போர்த்திக் கயிற்றால் கட்டினார். கட்டி முடித்துத் திரும்பினால், மார்கரெட் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்படி அதுவரை தனியாக நடந்து வந்தாளோ தெரியாது.

"எதுக்குங்க மூடறீங்க?"

"வெயில்ல கல்லு வெளுத்துடும்."

"கல்லு வெளுக்குமா?" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "எனக்கு எல்லாம் காதுல வுழுந்துச்சி. பொண்ணு இன்னா திருடனாளா, ஓடிப்போனாளா? என் வாந்தியத் தொடைச்சிகினு இருந்தா. அதுக்குப் போயி பொணத்த மூடற மாதிரி அவ பேர மூடறீங்களே."

ஜெரோம் சாக்கின் கயிற்று முனையை விரலில் சுற்றினார்.

"இத்தினி வருசத்துல உங்கள நான் ஒண்ணு கேட்டது இல்ல. ஜாக்குவக் கூப்புடுங்க."

*

அவர் மறுநாளே போனார். இஸ்திரிச் சட்டைதான். கிளம்பும்போது கல்லின் மேலிருந்த கயிற்றை அவிழ்த்து, சாக்கைச் சுருட்டிக் கேட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார்.

கடற்கரைச் சாலையில் இறங்கி, சவுக்குத் தோப்பு ஓரமாக நடந்தால் விடுதியின் முன்வாசல். கார்கள் நுழைகிற அந்த வாசலில் இருந்த காவலாளி, வேலையாட்களைப் பார்க்க வேண்டுமானால் பின்பக்கம் போகச் சொன்னான். பின்வாசலில் அழுக்குத் துணி மூட்டைகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. அங்கே இன்னொரு காவலாளி.

"யாரப் பாக்கணும்?"

"ஜாக்குலின்."

"மூணு ஜாக்குலின் கீறாங்க பெரியவரே. கிச்சனா, தோட்டமா, இன்னா வேல?"

ஜெரோம் தொண்டையைச் செருமினார். ஆறு வருஷமாகத் தன் வீட்டுச் சுவருக்குள்கூட அவர் உச்சரிக்காத வார்த்தை அது.

"ரூம்பு சுத்தம் பண்றா. என் தங்கச்சி."

காவலாளிக்கு அதில் ஒன்றும் இல்லை. போனில் சொல்லிவிட்டு, நாற்காலியை நகர்த்தி நிழலில் போட்டான். ஜெரோம் உட்காரவில்லை. கடல் சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஜாக்குலின் ஓட்டமாக வந்தாள். சீருடை முதுகில் வேர்த்து ஒட்டியிருந்தது.

"அண்ணிக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல."

அவள் மாரில் கை வைத்து மூச்சு விட்டாள். உடனே முகம் மாறியது.

"பின்ன இங்க வந்து எதுக்கு நிக்கற? உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா உன் மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

"செவ்வாக்கெழம வரியா?"

அவள் கழுத்து வேர்வையைப் புறங்கையால் துடைத்தாள்.

"பொண்ணுக்குப் படிப்பு நின்னுபோச்சி. அந்த மூணு பாடத்தயும் அவ திரும்ப உக்காந்து படிக்கணும். மார்கரெட்டு உன்னத்தான் கேக்கறா."

"அண்ணி கேக்கறா. நீ?"

ஜெரோம் துணி மூட்டைகளைப் பார்த்தார்.

"வேலைய வுட்டுட்டு வரணுமா, வேலையோட வரலாமா? அதச் சொல்லு மொதல்ல" என்றாள் ஜாக்குலின்.

காவலாளி காது கொடுக்காதவன் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வேலையோட வா" என்றார் ஜெரோம்.

*

வந்தாள். ஜூன் முழுவதும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் வந்தாள். காலேஜ் இன்னும் திறக்காததால் ஜெனிட்டாவும் கூட இருந்தாள்; அவள் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க அத்தை பழகிக்கொண்டாள். படுத்திருக்கிறவளை எழுப்பாமலே அடியில் விரிப்பை மாற்றுகிற வித்தை ஜாக்குலினிடம் இருந்தது. "இதுல இன்னா கீது, ஒரு நாளைக்கு எத்தினி மெத்தைக்கி மாத்தறேன்" என்பாள். மார்கரெட் அவளோடு பேசிச் சிரிக்கிற சத்தம் தாழ்வாரம்வரை கேட்கும். சினிமாக்காரர்கள் விடுதியில் எப்படித் தூங்குகிறார்கள் என்பதெல்லாம் பேச்சு. ஜெரோம் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஒருமுறை நெத்திலிக் குழம்பு கொண்டுவந்து, "இது உனக்கு" என்று தூக்குச்சட்டியை அவர் மடியிலேயே வைத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டார்.

ஜூலையில் காலேஜ் திறந்தது. ஜெனிட்டா மூன்று பாடத்தையும் பதிந்தாள். கோடு மறுபடி முழுசாக நின்றது. இந்த முறை ஜெரோம் அதை யாரிடமும் காட்டவில்லை. கடைசித் துண்டு வெளிறித்தான் இருக்கிறது என்பது இப்போது அவர் கண்ணுக்கே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் முதல்முறையாக ஆஸ்பத்திரிக்கு வராமல் மின்சார ரயில் ஏறினாள். வியாழக்கிழமையும் ஏறினாள். போகும்போது தாயின் நெற்றியில் முத்தம் கொடுத்து, "ஒயுங்கா படுத்துகினு இரு. அத்தைய வம்புக்கு இழுக்காத" என்றாள்.

"நீ போம்மா. கோட்ட நவத்திகினு வா" என்றாள் மார்கரெட்.

அந்த வியாழக்கிழமைதான், மெஷினில் இருக்கும்போதே, அவளுக்கு மூச்சு முட்டியது. டாக்டர்கள் ஓடிவந்தார்கள். ஜாக்குலின் அவள் கையை விடவே இல்லை. கதவைத் திறந்துகொண்டு அண்ணனிடம் வந்தபோதும், அந்தக் கையைப் பிடித்திருந்த வாகிலேயே அவள் விரல்கள் மடங்கியிருந்தன. ஜெரோம் எழுந்து நின்றார். அன்றைக்குத்தான் அவர் முதுகு சுவரில் சாய்ந்தது.

ஜெனிட்டாவுக்குத் தகவல் போனபோது அவள் லேபில் இருந்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டைத் தாண்டித்தானே உள்ளே வர வேண்டும். கல்லைப் படித்துவிட்டு வந்த உறவுக்காரர் ஒருவர், "பொண்ணு பட்டம் வாங்கறதப் பாத்துட்டுத்தான் போயிருக்கா மவராசி. அது ஒரு ஆறுதல்" என்றார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது.

"இல்ல" என்றார் ஜெரோம். எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "இன்னும் வாங்கல. அவங்கம்மாவப் பாத்துகினு இருந்தா, அதனால பரிட்சை எழுத முடியல. இனிமேதான் எழுதணும்."

*

பிரார்த்தனைக் கூட்டமெல்லாம் முடிந்து வீடு அமைதியான பிறகு, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். ஜாக்குலின் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். டூட்டி இல்லாத நாளில் இப்போது அவள் இங்கேதான். ஜெரோம் பல நாளைக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தார். கோட்டுக்குக் கீழே வருகைப் பதிவு இருக்கும். வந்த நாளுக்குப் பச்சைப் புள்ளி, வராத நாளுக்குச் சிவப்பு. விரலால் தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

ஜெனிட்டா பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"அதான் நைனா அந்த வியாழக்கெழம" என்றாள். "அம்மா செத்த நாளு பச்ச. பொதைச்ச நாளு செவப்பு."

அவர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

"சொல்லி மாத்த முடியாதாம்மா அத?"

"இன்னான்னு மாத்தறது? நான் வந்துதான இருந்தேன்."

"படிப்ப வுட்டுடாத" என்றார் ஜெரோம்.

"வுடமாட்டேன். இனிமே செவப்பே வுழாது நைனா. லீவு போட்டுட்டுப் பாக்க எனக்கு இங்க இன்னா வேல கீது?"

உள்ளே அரிசி களைகிற சத்தம் நின்றது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. ஜெரோம் வெளியே வந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருந்தது. அவருக்கும் அந்தக் கிழமைக்கு எழுந்தால் கை தானாகச் சட்டையைத்தான் எடுக்கிறது. வெங்கடேசன் அவரைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பேஜாராப் போச்சி சார். வண்டி தானா வந்து நிக்குது. மன்னிச்சிக்குங்க சார்" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பப் பார்த்தான்.

"இருங்கண்ணா" என்று பையை மாட்டிக்கொண்டு ஜெனிட்டா வந்தாள். "வந்துட்டீங்கல்ல, ஸ்டேஷன்ல வுட்டுடுங்க."

கேட் தூணைத் தாண்டி ஆட்டோவில் ஏறினாள். பின்சீட் முழுவதும் காலியாகத்தான் இருந்தது. அவள் எப்போதும்போல ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். பையைப் பக்கத்தில் வைக்கப் போனவள், வைக்காமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெங்கடேசன் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

"மெதுவாப் போப்பா" என்றார் வாசலில் நின்ற ஜெரோம்.